பூம்பாறைப் பனியில் தெரிந்த குறை

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பூம்பாறை குழந்தை வேலப்பரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. பழனி தண்டாயுதபாணியைப் போலவே இந்தக் குழந்தை வேலப்பரையும் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்பது இந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. பழனிக்கு அம்மா எத்தனையோ முறை நடந்தே போயிருக்கிறார். பூம்பாறைக்கு மட்டும் வாய்க்கவில்லை. "காலு கையி ஓடும்போதே கூட்டிட்டுப் போயிடுப்பா" என்றார். மதுரையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம்.

எங்கள் கார் பதினொரு வருடம் ஓடிய பெட்ரோல் வண்டி. மதுரையில் அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சாவியைத் திருப்பினால் அந்த நொடியே கிளம்பும். மைலேஜ் மட்டும் சில மாதமாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஊர் நெரிசலும் வண்டியின் வயதும்தான் காரணம் என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன்.

வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை தொடங்குகிறது. 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். முந்தின இரவே எடுத்து வைத்திருந்தேன். இந்த மலைப்பாதைக்கு அதை வகுத்த பொறியாளர் மேஜர் லாவின் பெயரில் 'லாஸ் காட் ரோடு' என்று பழைய பெயர் உண்டு. 1845-இல் சமவெளியின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக் கொடைக்கானலில் வீடு கட்டிய அமெரிக்க மிஷனரிகளுக்கு இந்தச் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலும், ஆட்கள் தோளில் சுமந்த டோலியிலும் ஏறினார்கள். மோட்டார் வண்டி மேலே ஏறத் தொடங்கியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் சுமைகள் மனிதர்களின் முதுகிலும் தோளிலும் ஏறின. இந்தச் சாலையில் போகும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுமையாட்களை நினைத்துக்கொள்வேன்.

டம் டம் பாறையில் வண்டியை ஓரங்கட்டினோம். எதிரே தலையாறு அருவி எலிவாலைப் போல 297 மீட்டர் நீளத்துக்கு மெல்லிசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். அதுவரை என்ஜின் சூடு காட்டும் முள் வழக்கமான இடத்தில்தான் நின்றது. பெருமாள்மலை தாண்டியதும் கீழே இறங்க ஆரம்பித்தது. வெள்ளி நீர்வீழ்ச்சி வந்தபோது கால்வாசிக்கும் கீழே கிடந்தது. மலையேறியும் வண்டி சூடாகவில்லையே என்று எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அது ஓர் எச்சரிக்கை என்பது மறுநாள் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பட்டறை வாசலில் நின்றபோதுதான் புரிந்தது.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக்கொண்டு, வானாய்வகம் வழியாகப் பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர். பொழுது இறங்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். படிக்கட்டு அடுக்கிய மாதிரி வயல்கள். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ். கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டின் பேர்பெற்ற ஊர்களில் ஒன்று இது. ஒரு விவசாயியின் வீட்டு மாடியறையில் இரவு தங்க ஏற்பாடு. மேட்டில் இடம் இல்லை என்று வண்டியைக் கீழே ஓடைக்கரைப் பள்ளத்தில் நிறுத்தினேன்.

"தம்பி, பள்ளத்துல நிப்பாட்டாதீங்க. பனி பள்ளத்துலதான் உக்காரும்" என்றார் வீட்டுக்கார அய்யா.

"ஒரு ராத்திரிதானேய்யா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அவர் சொன்னது இந்த மலையின் தட்பவெப்பத்தை ஒரு வரியில் சொல்லும் உண்மை. மேகமில்லாத தை மாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகித் தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. கொடைக்கானலிலும் உறைபனி முதலில் படிவது ஏரிக்கரையிலும் பிரையண்ட் பூங்காவின் புல்லிலும்தான். மேட்டுத் தெருவில் இருப்பவர் அன்று வெறும் குளிரை மட்டுமே உணர்வார். ஐம்பதடி மேலே நிறுத்தியிருந்தால் என் வண்டி அவ்வளவு பனியில் நனைந்திருக்காது.

காலை ஆறரைக்குக் கீழே போனேன். ஓடைக்கரைப் புல் உப்புத் தூவிய மாதிரி வெளுத்திருந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது. நான்காவது முறை என்ஜின் பிடித்தது. பிடித்த வேகத்தில் வண்டி முழுவதும் உதறியது, இரண்டு முறை இருமியது, அணைந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி பிடித்து மறுபடி அணைந்தது. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து அடித்ததில் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. கடைசியில் செல்ஃபும் 'டிக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிட்டது.

வீட்டுக்கார அய்யா கருப்பட்டிக் காப்பியோடு இறங்கி வந்தார். "விடுங்க தம்பி. இப்ப அடிக்க அடிக்க இன்னும் மோசமாத்தான் போகும். வெயில் வரட்டும். காப்பியக் குடிங்க."

அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான யோசனை அதுதான். குளிரில் பெட்ரோல் சுலபமாக ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோல் துளித்துளியாக உள்ளே சுவரில் ஒட்டும், பிளக்கை நனைக்கும். நனைந்த பிளக்கில் தீப்பொறி சரியாகப் பறக்காது. திரும்பத் திரும்ப அடித்தால் பிளக் மேலும் நனையும்; பேட்டரி மேலும் இறங்கும்; ஸ்டார்ட்டர் மோட்டாரும் சூடாகிக் கெடும். ஒருமுறை ஐந்து முதல் பத்து நொடிக்கு மேல் அடிக்காமல், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் அரை நிமிடமாவது இடைவெளி விட வேண்டும். பெட்ரோல் வாடை வந்துவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியைத் தொடாமலே இருப்பது நல்லது.

ஏழரை மணிக்குப் பக்கத்து வீட்டு டிரைவர் தம்பி தன் டீசல் பிக்கப்பை எடுக்க வந்தார். பின்னால் பூண்டு மூட்டைகள்; பெரியகுளத்துப் பக்கம் வடுகபட்டிச் சந்தைக்குப் போகிற லோடு. அவர் சாவியைப் பாதி திருப்பி, டேஷ்போர்டில் சுருள் கம்பி போட்ட மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுமையாக இருந்தார். பிறகுதான் முழுதாகத் திருப்பினார். ஒரே சுற்றில் கிளம்பியது. டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை அழுத்திப் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இரும்பும் காற்றும் சில்லிட்டுக் கிடக்கும் காலையில் அந்தச் சூடு போதாது. அதற்காகத்தான் ஹீட்டர் பிளக். விளக்கு அணையும்வரை காத்திருக்கும் அந்தச் சில நொடியைப் பல டீசல் வண்டிக்காரர்கள் கீழே மறந்தே போயிருப்பார்கள். சமவெளியில் அது தேவைப்படுவதில்லை.

பிக்கப்பை என் வண்டிக்கு முகம் பார்த்து நிறுத்தி ஜம்பர் கேபிளை எடுத்தார். சிவப்புக் கேபிள் முதலில் என் பேட்டரியின் பிளஸ்ஸில், அடுத்து அவர் பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு முதலில் அவர் பேட்டரியின் மைனஸில். கடைசி முனையை என் பேட்டரியில் மாட்டாமல் என்ஜினின் வெறும் இரும்பில் கடித்து வைத்தார். "பேட்டரிக்கிட்ட பொறி பறக்கக் கூடாதுண்ணே. அதுலருந்து கேஸ் வரும்" என்றார். சார்ஜ் ஏறும்போது வெளிப்படும் ஹைட்ரஜனைத்தான் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து அடித்தபோது வண்டி கிளம்பியது.

கிளம்பியதே தவிர, அமைதியாக ஓடவில்லை. மூன்று சிலிண்டரில் ஓடுகிற மாதிரி மிஸ்ஸிங் அடித்தது. ஐட்லிங் ஏறி இறங்கியது. பதினைந்து நிமிடம் ஓடியும் சூடு காட்டும் முள் அசையவில்லை. டிரைவர் தம்பி அதைக் குனிந்து பார்த்தார். "பனிக்கு வண்டி உதறுறது சகஜம். சூடானதும் நின்றணும். உங்க வண்டி சூடாகவே மாட்டேங்குதே. மூஞ்சிக்கல்லுல ஒருத்தர்கிட்ட காட்டிட்டுப் போங்க" என்றார். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

அம்மா குழந்தை வேலப்பரைக் கண்குளிரப் பார்த்தார். கருவறைக்கு எதிரே வெகுநேரம் நின்றார். பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டு கொடைக்கானலுக்குத் திரும்பினோம்.

மூஞ்சிக்கல் பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே என்னை மூன்று கேள்வி கேட்டார்.

"செல்ஃப் வேகமா சுத்துச்சா, மெதுவாவா?"

"மெதுவாத்தான் பாய்."

"பிடிச்சதுக்கப்புறம் உதறுச்சா?"

"ஆமா. அணைஞ்சு அணைஞ்சு போச்சு."

"ஓடி சூடானதும் சரியாயிருச்சா?"

"இல்ல பாய். இங்க வந்து சேர்ற வரைக்கும் லேசா உதறிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்ப ஒரு குறை இல்ல தம்பி. ரெண்டு மூணு இருக்கு" என்றார்.

அந்த மூன்று கேள்விகளில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், ஆயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை அல்லது பொறி பறக்கவில்லை. பிடித்து, உதறி, சூடானதும் சரியாகிவிட்டால் பிளக், த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், சூட்டை அளக்கும் சென்சார், குளிரில் விறைத்துச் சுருங்கிக் காற்றுக் கசியும் ரப்பர் ஹோஸ் என்று தேடலாம். சூடானாலும் சரியாகவில்லை, அல்லது சூடே ஆகவில்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு.

பாய் பேட்டரியிலிருந்து ஆரம்பித்தார். டெர்மினலில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்தது. கழற்றி, ஆப்பசோடா கலந்த வெந்நீரை ஊற்றித் தேய்த்துத் துடைத்தார். முன்விளக்கை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டு மீட்டர் வைத்தார். சாலையில் ஓடி வந்த பேட்டரி மேலோட்டமாகச் சார்ஜ் காட்டும். அதை வடித்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்றார். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்னுடையது 12.2, ஏறக்குறைய பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9-க்கும் கீழே போனது.

"எத்தனை வருசமாச்சு?"

"நாலு வருசம். மதுரையில ஒரு நாள்கூட மக்கர் பண்ணதில்ல."

"மதுரை வெயில்லதான் தம்பி இது செத்துச்சு. குளிரு காட்டிக் கொடுத்திருக்கு, அவ்வளவுதான்."

ஈய அமில பேட்டரியை உண்மையில் அரிப்பது வெப்பம். சித்திரை வெயிலில் உள்ளே தகடுகள் விரைவாக அரிபடும், தண்ணீர் வற்றும். ஆனால் சூட்டில் ரசாயன வேகமும் கூடுவதால் பாதி செத்த பேட்டரியும் அங்கே வண்டியைக் கிளப்பிவிடும். குளிர் வந்தால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. 0 பாகையில் நல்ல பேட்டரியே வெதுவெதுப்பான நாளில் தருவதில் சுமார் 80 சதவீதம்தான் தரும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகியிருப்பதால் என்ஜினைச் சுற்ற அதிக மின்சாரம் வேண்டும். கொடுக்கிற கை சுருங்கி, கேட்கிற கை நீள்கிறது.

ஆயில் மாற்றிய சீட்டு பானெட்டுக்குள் ஒட்டியிருந்தது. 20 டபிள்யூ 40 என்று போட்டிருந்தது. வண்டிக் கையேட்டைப் பார்த்தால் 5 டபிள்யூ 30. அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு சுலபமாக அந்த ஆயில் குளிரிலும் ஓடும். மதுரைக்கு 20 போதும் என்று கீழே யாரோ நினைத்திருக்கிறார்கள். பனிக்காலையில் அது கூழாக நின்றிருக்கிறது.

அடுத்து பிளக். நான்கையும் கழற்றி வரிசையாக ஒரு துணியில் வைத்தார். நான்கும் அடுப்புக்கரி பூசிய மாதிரி கறுத்திருந்தன. "நல்லா எரியுற வண்டில பிளக்கு முனை பிஸ்கட் கலர்ல இருக்கும். இது பெட்ரோல அளவுக்கு மீறிக் குடிச்சிருக்கு. ஏன் குடிச்சுச்சுன்னு பாப்போம்" என்றார்.

வண்டி ஆற ஒரு மணி நேரம் ஆகும் என்று டீ சொன்னார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி பழைய காலத்தைப் பேசினார். அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய நாளில் டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும், சோக் என்பார்கள். காலையில் அதை வெளியே இழுத்தால் கார்புரேட்டருக்குள் போகும் காற்று குறைந்து, பெட்ரோல் கலவை கெட்டியாகும். வண்டி சூடேறச் சூடேறக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். தள்ள மறந்தால் கறும்புகை. மலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். காற்று மெலிந்தால் கார்புரேட்டர் வண்டியில் கலவை தானாகவே கெட்டியாகும். குளிர் கலவையைக் கெட்டியாக்கச் சொல்லும்; உயரம் இளக்கச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் காதை வைத்து, ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, வண்டியைப் பேச வைத்த கைகள் இவருடையவை.

"இப்ப அந்த வேலைய கம்ப்யூட்டர் பாக்குது. ஆனா அதுக்கும் யாராவது உண்மையச் சொல்லணுமில்ல" என்றார்.

இன்றைய வண்டியில் காற்றழுத்தத்தை ஒரு சென்சார் சொல்கிறது. என்ஜின் தண்ணீரின் சூட்டை இன்னொரு சென்சார் சொல்கிறது. தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்று செய்தி வந்தால், கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விடும். பழைய சோக் செய்த வேலைதான். சூடேறிவிட்டது என்று செய்தி வந்ததும் அளவைக் குறைக்கும்.

என்ஜின் ஆறியதும் பாய் வண்டியைக் கிளப்பி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் என் கையை வைக்கச் சொன்னார். "நல்ல வண்டில இந்த ஹோஸ் கொஞ்ச நேரத்துக்குச் சில்லுனு இருக்கும். உள்ள தண்ணி எம்பது டிகிரிக்கு மேல போனதும் வால்வு திறக்கும். அப்ப திடீர்னு சுடும். உங்களுது எப்படி இருக்கு?"

என் கையின் கீழே ஹோஸ் முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தது.

அவர் வண்டியை அணைத்து, ஆறவிட்டு, அந்த வால்வு, அதாவது தெர்மோஸ்டாட், இருக்கும் கூட்டின் போல்ட்டுகளைக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். வெறும் ஓட்டை. "ஒண்ணுமே இல்ல தம்பி. எடுத்துட்டாங்க."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன கோடையில் வண்டி ஒருமுறை சூடாகி நின்றது. சமவெளியில் ஒரு பட்டறையில் விட்டேன். இனி சூடாகாது என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். சூடாகவும் இல்லை. நானும் கேட்கவில்லை. வெயில் ஊர்களில் பலர் செய்கிற வேலை இது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி சூடாகாது என்ற எண்ணம். அப்படி எடுத்த வண்டி தன் சரியான சூட்டுக்கு வந்து சேருவதே கடினம். கம்ப்யூட்டர், வண்டி இன்னும் குளிரில் நிற்கிறது என்று நம்பி, வழியெல்லாம் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் இறங்கியது அதனால்தான். பிளக் கறுத்தது அதனால்தான். பெருமாள்மலையில் முள் இறங்கியதும் அதனால்தான். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதிலாக ஊற்றியிருந்த குழாய்த் தண்ணீர் துருப் பிடித்துச் செம்மண் நிறத்தில் வடிந்தது.

என் வண்டிக்கான தெர்மோஸ்டாட் கொடைக்கானலில் கிடைக்கவில்லை. வத்தலக்குண்டில் ஒரு கடையில் சொல்லி, மறுநாள் காலை பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னார் பாய். சில நூறு ரூபாய்ச் சாமான் அது. அன்றிரவு கொடைக்கானலில் தங்க வேண்டியதாயிற்று.

மாலையில் அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். 1863-இல் மதுரைக் கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி. மேற்கே குன்றின்மேல் வானாய்வகத்தின் கூரை தெரிந்தது. 2,343 மீட்டர் உயரத்தில் 1899-இல் தொடங்கிய ஆய்வகம் அது. சமவெளியின் புழுதியும் புழுக்கமும் எட்டாத மெல்லிய, தெளிந்த காற்று சூரியனைப் பார்க்கத் தோதானது என்று இந்த இடத்தைத் தேர்ந்தார்கள். 1909-இல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்து எடுத்த நிறமாலைகளில்தான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். உலகம் அதை அவர் பெயராலேயே அழைக்கிறது. தொலைநோக்கிக்கு வரமான அதே மலைக்காற்றில்தான் என் வண்டியின் குறையும் தெரிந்தது. அளந்து பார்க்கிறவருக்கு இந்தக் காற்று மிக நேர்மையானது என்று அம்மாவிடம் சொன்னேன். "மலை பொய் சொல்லாதுப்பா" என்றார் அவர்.

தங்கிய விடுதியில் இரவு குளிர் தாங்கவில்லை என்று பக்கத்து அறைக்காரர்கள் கரியடுப்பு கேட்டார்கள். விடுதிக்காரர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டித் தூங்கி உயிரிழந்தவர்களின் செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காலையில் வண்டியைச் சூடேற்றுகிறேன் என்று மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடுகிறவர்களும் அதே விஷத்தைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள். ஷெட்டில் நிறுத்தியிருந்தால் வெளியே எடுத்த பிறகுதான் நின்று சூடேற்ற வேண்டும்.

உண்மையில் இன்றைய வண்டியை வெகுநேரம் நிறுத்திச் சூடேற்றவும் வேண்டாம். ஆயில் மேலே ஏற அரை நிமிடம், பனிக்காலையில் ஒரு நிமிடம் போதும். பிறகு ஆக்சிலேட்டரை அழுத்தாமல் மெதுவாக ஓட்டினால் அதுவே சூடாகிவிடும். இதைவிடக் கொடிய குளிரில் வாழ்கிறவர்கள் இன்னும் நிறையச் செய்கிறார்கள். கனடாவின் வின்னிபெக், எட்மன்டன் போன்ற நகரங்களில் என்ஜினுக்குள் ஒரு மின்சார ஹீட்டரைப் பொருத்தி, இரவில் வண்டியைப் பிளக்கில் மாட்டி வைப்பார்கள். கார் நிறுத்துமிடங்களில் அதற்கென்றே மின்செருகிகள் உண்டு. லடாக்கில் டீசலே மெழுகாகக் கட்டிக்கொள்ளும் என்பதால் 2019-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 பாகையிலும் ஓடும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. அந்த ஊர்களோடு பார்த்தால் நம் மலையின் குளிர் சாதாரணம். உடம்பு நன்றாக இருக்கும் எந்த வண்டியும் அதைத் தாங்கும்.

மறுநாள் பத்து மணிக்குப் பஸ்ஸில் தெர்மோஸ்டாட் வந்தது. பாய் அதை உடனே மாட்டவில்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் ஏற்றி, அதைக் கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்டார். தண்ணீர் சூடேறச் சூடேற அந்தச் சின்னப் பித்தளை வால்வு மெல்ல வாயைத் திறந்தது. வெளியே எடுத்ததும் குளிரக் குளிர மூடியது. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். இந்த வால்வு 82-இல் திறப்பது என்பதால் சோதனைக்கு அது போதும். "புதுசுன்னு நம்பி மாட்டக் கூடாது தம்பி. திறக்குதான்னு பாத்துட்டுத்தான் மாட்டணும்" என்றார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பூ மாதிரி விரியுது பாரு" என்றார்.

புதிய தெர்மோஸ்டாட், சரியாகப் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், புதிய பிளக், கையேட்டில் சொன்ன ஆயில், புதிய பேட்டரி. த்ராட்டில் பாடியில் படிந்திருந்த கரிப்பிசுக்கைத் துடைத்தார். எர்த் வயரின் முனையைத் தேய்த்து இறுக்கினார். வேலை முடியப் பிற்பகல் ஆனது. "இப்ப கிளம்புறது பெருசில்ல. நாளைக்குக் காலைல பனியில கிளம்பணும். பாத்துட்டுப் போங்க" என்றார். இன்னொரு இரவு தங்கினோம். இந்த முறை வண்டியை மேட்டில் நிறுத்தினேன்.

விடியற்காலை ஆறு மணி. புல்வெளியில் வெள்ளைப் படலம் அன்றும் இருந்தது. சாவியை முதல் நிலையில் இரண்டு நொடி நிறுத்தி, பெட்ரோல் பம்பு ஓடி அடங்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திருப்பினேன். ஆக்சிலேட்டரில் கால் வைக்கவில்லை. ஒரே சுற்றில் பிடித்தது. ஐட்லிங் கொஞ்சம் உயர்ந்து நின்று, முள் ஏற ஏறத் தானாக இறங்கி அமைதியானது. எட்டு நிமிடத்தில் முள் நடுவில் வந்து அப்படியே நின்றது.

திரும்பும்போது பழனி வழியாக இறங்கினோம். பெருமாள்மலையில் பிரிந்து வடகவுஞ்சி, சவரிக்காடு என்று போகும் பாதை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பஸ் டிரைவர்களின் பழைய விதி. பிரேக்கைக் காய்ச்சாமல் இரண்டாவது கியரில் இறக்கினேன். ஒரு வளைவில் கீழே பாலாறு பொருந்தலாறு அணையும், அதற்கு அப்பால் தனிக்குன்றாகப் பழனிக் கோயிலும் தெரிந்தன. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அடிவாரத்தில் காற்றுச் சுட்டது. முள் அதே இடத்தில் நின்றது. வெயிலிலும் பனியிலும் ஒரே சூட்டில் என்ஜினைக் காப்பதற்காகத்தான் அந்தச் சின்ன வால்வை வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து வீசியதால் வண்டிக்கு நன்மை எதுவும் நடக்கவில்லை. முதலில் வண்டி ஏன் சூடானது என்ற காரணம் தேடப்படாமலே கிடந்தது. பனியில் வந்த தொல்லை அதற்குக் கொடுத்த விலை.

மலைக்குப் போகிறவர்கள் ஹோட்டல் அறையையும் இ-பாஸையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறோம். வண்டியையும் ஒருமுறை பாருங்கள். மூன்று வருடம் கடந்த பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டெர்மினல் பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். கையேட்டில் சொன்ன ஆயில்தான் இருக்கிறதா, ரேடியேட்டரில் கூலன்ட் இருக்கிறதா, தெர்மோஸ்டாட் அதன் இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள். மேலே போனதும் வண்டியைப் பள்ளத்தில் நிறுத்தாதீர்கள். ஒரு ஜம்பர் கேபிளைப் பின்னால் போட்டு வையுங்கள். உங்களுக்கு வேண்டாவிட்டாலும் வழியில் இன்னொருவருக்கு உதவும். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேர வேலை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே அதை முடித்துவிடுங்கள்.